ஞாயிறு காலை பத்து மணிக்கு எனக்குச் சுவீகாரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆரியசாலையில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தகரக்கூரை ஹாலில் இருந்தவர்கள்: நான், அப்பா, விழாத் தலைவர் கோபிநாதன் சார், சங்கச் செயலாளர் சுகுமாரன் சேட்டன், தெருக்காரர்கள் நாற்பது பேர். அம்மா ஹாலுக்குப் பின்னால் பாயச உருளியோடு இருந்தாள். விழா பாதி நடக்கும்போது வேனில் வந்து குதித்தவர்கள் பத்தொன்பது பேர். வராதவர் ஒரே ஒருவர்தான்: தமிழை ஒழுங்காக எழுதத் தெரிந்த மனிதர். அப்படி ஒருவர் அதற்கு முந்தைய புதன்கிழமை என் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால், அந்தப் பத்தொன்பது பேரும் அம்பாசமுத்திரத்தில் நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமைக் குளியல் போட்டிருப்பார்கள்.

குற்றவாளி நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பா சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்கிறவர். அம்மா கடைகளில் மிளகாய் வற்றல் தரம் பிரிப்பாள். எங்கள் குடும்பத்தில், இரண்டு பக்கத்துப் பாட்டன் பூட்டன் வரை கணக்கெடுத்தாலும், பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து மறு வாசல் வழியாகப் பத்திரமாக வெளியே வந்த முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிசியன் படிப்பு. கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நான் வாசித்தால்தான் வீட்டுக்கு விளங்கும். இதில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றால், நீங்கள் எழுதுவது தப்பு என்று சொல்ல ஆளே கிடையாது. நாங்களோ அம்பாசமுத்திரத்திலிருந்து மலையாள தேசத்துக்குப் பிழைக்க வந்தவர்கள்; நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தைச் சாலைத் தெரு மளிகைக் கடைப் போர்டுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 'மொத்த வியாபாரம்' என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன்.

இந்தத் தகுதியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனேன். மலாவி என்ற நாட்டில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சி மையத்தில், வேலையில்லாத இளைஞர்களுக்கு வீட்டு வயரிங்கும் சோலார் பேனல் மாட்டுவதும் இரண்டு வருடம் கற்றுக்கொடுத்தேன். சாப்பாடு, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சம். சம்பளம் என்று ஒன்று இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் மட்டும் 'தகவல் தொடர்புத் திறன்' என்று ஒரு பாடம். அதற்கு ஆள் இல்லாததால் அதுவும் என் தலையில். ("நாம் சொல்வது அடுத்தவருக்கு எப்படிக் கேட்கிறது என்பதே முக்கியம்" என்று கரும்பலகையில் தலைப்பு எழுதிப் பாடம் எடுத்தவன் நான். தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

என்னிடம் படித்த இருபத்திரண்டு பேரும் தங்கமானவர்கள். பிளெஸ்ஸிங்ஸ் என்று ஒருவன், முதல் மாதமே நான் தப்பாக மாட்டிய சுவிட்சைச் சத்தமில்லாமல் சரியாக மாட்டிவிட்டு, "சார் எங்களுக்குப் பரீட்சை வைத்தார்" என்று மற்றவர்களிடம் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினான். கிளம்புகிற அன்று எல்லோரும் பாடினார்கள். மையத்தின் சமையற்காரம்மா எஸ்தர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பூப்போட்ட பெரிய துணி ஒன்றை என் மேல் போர்த்தி, "ம்வானா வங்கா, ம்வானா வங்கா" என்றாள். 'என் பிள்ளை' என்று அர்த்தம். பிளெஸ்ஸிங்ஸ் அதைப் போனில் வீடியோ எடுத்தான். அந்தத் துணி பெண்கள் இடுப்பில் கட்டுவது என்றும், அவள் என் அம்மாவுக்காகத்தான் கொடுத்தாள் என்றும் எனக்கு விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி நாட்டுக்கும் டாட்டா காட்டிவிட்டேன்.

திரும்பி வந்த முதல் மூன்று நாள் நான் தாங்க முடியாத ஆளாக இருந்தேன். பயிற்சியாளர் பழக்கம் விடவில்லை. சாப்பிட்டு எழுந்ததும், "அம்மா, இன்னிக்குக் குழம்புல நல்லா இருந்த மூணு விஷயம் சொல்றேன், அப்புறம் மேம்படுத்த வேண்டிய ஒண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"மேம்படுத்துததுக்கு அகப்பை இருக்கு. எடுக்கட்டா?" என்றாள் அம்மா.

ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். எனக்கு வேலை வேண்டும். அப்பாவின் இடது முழங்கால் ஒரு வருடமாகவே மடங்க மறுக்கிறது. டாக்டர் இனி மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்தச் சீட்டை வாசித்துக் காட்ட நான் ஊரில் இல்லாததால், அப்பா அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் வந்த அன்றுதான் வாசித்தேன். இரண்டு வருட வெளிநாட்டுக்குப் பிறகு என் கையில் இருந்தது ஒரு சான்றிதழும் ஒரு பெண்கள் துணியும்.

அப்போது வந்தார் சுகுமாரன் சேட்டன். தெருவில் எது நடந்தாலும் மைக் செட் ஏற்பாடு செய்துவிடுகிற மனிதர்.

"மோனே, ஞாயறாழ்ச நினக்கொரு ஸ்வீகரணம். கோபிநாதன் சார் வரும்" என்றார்.

மலையாளத்தில் ஸ்வீகரணம் என்றால் வரவேற்பு விழா. மாலை, பொன்னாடை, நாலு பேர் பேச்சு, ஒரு பாயசம். கோபிநாதன் சார் கரமனையில் தனியார் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறவர், அதன் பிரின்சிபலும் அவரே. அங்கே வயரிங் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. "மேடையிலேயே அறிவிச்சிடுவார். நீ கொழப்பம் ஒண்ணும் உண்டாக்காம அரை மணிக்கூர் நின்னா மதி, அது போதும்" என்று சேட்டன் காதில் சொன்னார். அரை மணி நேரம். அவ்வளவுதான் என்னிடம் கேட்கப்பட்டது.

தெருவுக்கு மலையாளத்தில் நோட்டீஸ் அடித்தார்கள். அம்பாசமுத்திரத்துச் சொந்தங்களுக்கு யார் சொல்வது? படித்தவன் இருக்கிறேனே! வாட்ஸப்பில் தமிழிலேயே அனுப்புவது என்று முடிவு செய்தேன். 'ஸ்வீகரணம்' என்பதை அப்படியே போட்டால் மலையாள வாடை அடிக்கும், நல்ல தமிழாக இருக்க வேண்டும் என்று நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது. எழுதினேன்:

"ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியுள்ள செல்வன் சுடலைமுத்துவுக்கு, வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சுவீகாரம். அனைவரும் குடும்பத்துடன் வந்து ஆசீர்வதிக்கவும்."

சுவீகாரம் என்றால் பிள்ளையைத் தத்தெடுப்பது என்று தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அதோடு விட்டேனா? விழாவுக்குக் களை சேர்க்க, சமையற்காரம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழும் வீடியோவையும் சேர்த்தேன். அவள் பேசுவது யாருக்கும் விளங்காதே என்று கீழே தமிழில் வரியும் போட்டேன்: "இனி இவன் என் பிள்ளை."

மறுநாள் இசக்கி மாமா போன் செய்தார். அம்மாவின் ஒரே தம்பி. வாழைத்தார் வியாபாரம். எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒரு போன், என்னிடம் ஒரு போன். வந்தது அப்பாவின் போனுக்கு. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார். நான் பக்கத்தில்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தான், பையனுக்கு ஞாயித்துக்கிழம சுவீகாரமாமே. உள்ளதா?" மாமாவின் குரல் என்னவோ போலிருந்தது.

"உள்ளதுதான் மாப்ளே. நோட்டீஸெல்லாம் அடிச்சாச்சு."

"நோட்டீஸா! ஆரு அத்தான் அந்த ஆளு? ஆப்பிரிக்காக்காரியா?"

"ஏய், அது அங்க. இங்க கோபிநாதன் சாராக்கும். வல்லிய ஆளு. கரமனைல மூணு மாடிக் கட்டடம். எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி பையன் அவருகூடத்தான்."

"அக்கா... அக்கா சம்மதிச்சிட்டாளா?"

"சம்மதமா? அவளுக்கு ரெண்டு நாளா சந்தோசத்துல ஒறக்கமில்ல. பாயசத்துக்குத் தேங்கா வாங்கி அடுக்கிக்கிட்டிருக்கா."

"ஒத்தப் பிள்ளையில்லா அத்தான்!"

"ஒத்தப் பிள்ளையானதுனாலதான மாப்ளே இவ்ளோ கேமமா, தடபுடலாச் செய்யுதோம்!"

பிறகு, "நான் வாறேன்" என்று மட்டும் சொல்லி மாமா வைத்துவிட்டார்.

"மாப்ளைக்குச் சந்தோசத்துல தொண்ட அடச்சிட்டு" என்றார் அப்பா. பாசக்கார மாமா என்று நானும் நெகிழ்ந்து, சட்டைக் காலரைக் கருக்கினேன்.

ஞாயிறு காலை. வாசலில் என் முகத்தைவிடப் பெரிய என் முகம் ஃப்ளெக்ஸில். மேலே மலையாள எழுத்தில் 'ஸ்வீகரணம்'. கோபிநாதன் சார் கரைவேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்து குத்துவிளக்கு ஏற்றினார். எனக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். அதில் எட்டு நிமிடம், தெருவின் மூத்தவர்களை எழுந்து நிற்க வைத்து, 'உற்சாகமூட்டும் பயிற்சி' என்ற பெயரில் கை தட்டிக் குதிக்கச் சொன்னேன். சர்க்கரை நோய் உள்ள பலசரக்குக் கடை அண்ணாச்சி இரண்டு குதி குதித்துவிட்டு, "தம்பி, சாப்பாடு எப்ப?" என்று மைக்கிலேயே கேட்டார். (நான் பேச்சைச் சீக்கிரம் முடித்திருந்தால் வேன் வருவதற்குள் விழாவே முடிந்திருக்கும். இதையும் அம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.)

கடைசியில் கோபிநாதன் சார் பொன்னாடையோடு எழுந்தார். பூப்போட்ட ஆப்பிரிக்கத் துணியோடு நான் கைகட்டி நின்றேன். அவருக்கு மரியாதை செய்வதற்காக அப்பா வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டை ஏந்தி நின்றார். அம்மா பின்வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தச் சமயம் பார்த்துத்தான் வெளியே வேன் நின்றது. மாமா இறங்கியிருக்கிறார். ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறார். வேன் டிரைவர் களியக்காவிளைக்காரர், மலையாளம் வாசிப்பார்.

"என்னடே எழுதியிருக்கு?"

"ஸ்வீகரணம்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

மாமாவுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. அவர் ஹால் வாசலில் கால் வைக்கவும், உள்ளே மைக்கில் கோபிநாதன் சார் உணர்ச்சிவசப்பட்டு வேலையை அறிவிக்கவும் சரியாக இருந்தது.

"இன்னு முதல் ஈ சுடலைமுத்து ஞங்ஙளுடெ ஸ்வந்தமாணு! இவனெ ஞங்ஙள் ஏற்றெடுக்குன்னு!"

இன்று முதல் இவன் எங்கள் சொந்தம், இவனை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். கை தட்டினார்கள். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். அவர் என் கழுத்தில் பொன்னாடையைப் போட்டு, தலையில் கை வைத்தார். அப்பா தட்டை நீட்டினார்.

"நிறுத்துங்கலே!"

மாமா மூன்றே எட்டில் மேடைக்கு வந்துவிட்டார். பின்னால் ஏழெட்டு ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள், அழுவதற்குத் தயாராக வந்தவர்கள், அழத் தொடங்கிவிட்டார்கள்.

"ஓய் பெரிய மனுசா! மூணு மாடி இருந்தா? கூலிக்காரன் வீட்டு ஒத்தப் பிள்ளதான் கெடச்சானா ஒமக்கு? மடியில வச்சுக் காது குத்தின தாய்மாமன் நான் உசுரோட இருக்கேன். என்னை ஒரு வார்த்த கேட்டீரா?"

மூன்று பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்த கோபிநாதன் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தா... எந்தா ப்ரஸ்னம்?" என்றார்.

"பிரசவமா? பிரசவம் பாத்தது எங்க அக்கா!" என்று மாமா என் வலது கையைப் பிடித்து இழுத்தார். ஏதோ அடிதடி என்று பயந்த சுகுமாரன் சேட்டன் என் இடது கையைப் பிடித்தார். கோபிநாதன் சார் பொன்னாடையின் ஒரு முனையை விடவில்லை, மறு முனை என் கழுத்தில். அப்பா தட்டைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் தட்டைப் பிடித்தார். நான் வயரிங் படித்தவன். ஒரே கம்பியை நாலு பக்கம் இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொன்னாடை கிழியவில்லை, பிடி நழுவியது. கோபிநாதன் சார் பின்னால் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தார். நாற்காலியின் கால் முறிந்தது. அவர் சாய்ந்து குத்துவிளக்கைப் பிடித்தார். விளக்கு அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை. அணைந்த திரிகளோடும் அரைப்படி எண்ணெயோடும் அவர் மடியில் விழுந்தது.

கரைவேட்டியில் எண்ணெய் மெதுவாகப் பரவுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை பரவிப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா மட்டும் நிறுத்தவில்லை. இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து மேஜையில் வைத்தார். "அத்தான், நாப்பதாயிரம் இருக்கு. இவரு எவ்வளவு குடுத்தாரோ எனக்குத் தெரியாது. மிச்சத்த ரெண்டு மாசத்துல தாறேன். பிள்ளைய விட்ருங்க."

அம்மா பாயசக் கரண்டியோடு வந்தாள்.

"ஏலே இசக்கி! ஆரு ஆருக்குலே பிள்ளையக் குடுக்கா?"

"நீங்கதானக்கா! சுவீகாரம்னு அனுப்பினியளே!"

"மாலை போடுததுக்குல்லா கூப்பிட்டோம்!"

மாமா போனை எடுத்து, என் செய்தியைச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் முதலில் புரிந்துகொண்டார். அவர் சிரித்த சிரிப்பில், முன்பு குதிக்க வைத்த பாவத்துக்கெல்லாம் சேர்த்து வட்டி வாங்கிவிட்டார். சுகுமாரன் சேட்டனுக்கு அவரே மொழிபெயர்த்தார். சேட்டன் கோபிநாதன் சாருக்குச் சொன்னார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பக்கம்.

கோபிநாதன் சாரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தான் அவிடெ எந்தா படிப்பிச்சிருந்தது?"

"வயரிங், சார்."

"வேறெ?"

பொய் சொல்லியிருக்கலாம். "வெள்ளிக்கிழமை மட்டும்... கம்யூனிகேஷன் ஸ்கில், சார்."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த ஒரு திரியை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு அவருடைய மீசை ஆட ஆரம்பித்தது.

"வயரிங் மதி" என்றார். "திங்களாழ்ச ஒன்பது மணிக்கு வா."

அப்பா அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, அந்த மடங்காத காலை நீட்டிக்கொண்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மட்டும் மாமாவின் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி பார்வதி, கழுத்துச் செயின எங்க?" பார்வதி அத்தை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வேன்ல வரும்போது எதுக்குன்னு வீட்ல வச்சிட்டேன் மதினி" என்றாள். யாரும் நம்பவில்லை. மாமா மஞ்சள் பையை எடுத்து மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு, வெளியே போய் வேன் டயரை உதைத்துப் பார்ப்பதுபோல நின்றார். நான் பின்னால் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வயரிங் ஆளல்லவா.

"மாமா, ஸாரி."

"போலே சவத்து மூதி" என்றார் மாமா. அப்புறம், "அந்த ஆப்பிரிக்காக்காரி நெசமாவே அழுதாளாலே?" என்றார்.

"ஆமா மாமா."

"நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாற்பத்தைந்து பேருக்கு வைத்த சாப்பாட்டை அறுபத்து நான்கு பேர் சாப்பிட்டோம். பாயசத்தில் மூன்று தடவை வெந்நீர் சேர்ந்தது. பயிற்சி நிலையத்தில் இன்றும் மாணவர்கள் முதற்கொண்டு வாட்ச்மேன் வரை என்னைச் 'சார்' என்று கூப்பிடுவது கோபிநாதன் சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் 'தத்துபுத்ரன்'. அப்பா மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டார். ஆனால் அம்பாசமுத்திரத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்கு நான் போனாலும், பந்தியில் யாராவது, "தம்பிய இப்ப ஆரு வளக்கா?" என்று கேட்காமல் இலை போடுவதில்லை. பிளெஸ்ஸிங்ஸுக்குப் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவன் எஸ்தரம்மாவிடம் சொல்லியிருக்கிறான். "அந்த மாமாவுக்கும் ஒரு துணி அனுப்புகிறேன்" என்றாளாம்.

செலவுக்கு வருகிறேன். வேன் வாடகை எட்டாயிரம். கோபிநாதன் சாருக்குப் புதுக் கரைவேட்டி ஆயிரத்து இருநூறு. நாற்காலி அறுநூற்றைம்பது. அத்தையின் செயினை மூன்றே நாளில் மீட்டாலும் அடகுக்கடைக்காரர் ஒரு மாத வட்டி பிடித்துக்கொண்டார், அது அறுநூறு. வேன் காசைச் சண்டை போட்டுத்தான் மாமாவின் சட்டைப்பையில் வைத்தோம். அந்த அறுநூறை மட்டும், எத்தனை தடவை நீட்டினாலும், "எம் மருமகனுக்கு நான் குடுத்த வெல, ஒனக்கென்ன?" என்று அப்பாவிடம் சொல்லி வாங்க மறுக்கிறார். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் கணக்குச் சொல்வது: பத்தாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.